முயலின் கண்ணும் நமது சலவைத்தூளும்

சலவைத்தூள், பாத்திரம் கழுவும் திரவம், கழிவறைத் துப்புரவுத் திரவம் என்று எதை வாங்கினாலும், 'கண்ணிற் பட்டால் உடனே நீரினாற் கழுவவும்' என்ற எச்சரிக்கை அதன் உறையிற் காணப்படும். பத்திரிகைத் தொழிலில் சிறிய எழுத்துக்களையே முதலிற் படிக்கப் பழகிவிட்ட எனக்கு, இவ்வாசகத்தின் மூலத்தைத் தேட வேண்டுமென்ற ஆவல் ஏற்பட்டது. தேடிச் சென்ற வழி ஒரு முயலின் கண்ணிற் போய் முடிந்தது.

1930களில் அமெரிக்காவில் விற்பனையான லாஷ் லூர் என்ற கண்ணிமைச் சாயம் பெண்கள் சிலரின் பார்வையைப் பறித்தது. இத்தகைய கொடுமைகளின் விளைவாக 1938இல் அங்கு புதிய சட்டம் வந்தது. அதன்பின், 1944இல், அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த நச்சியலாளர் ஜோன் டிரெய்ஸ் ஒரு சோதனை முறையை வகுத்தார். வெள்ளை முயலின் ஒரு கண்ணிற் பொருளை இட்டு, மறு கண்ணை ஒப்பீட்டுக்காக விட்டு, சிவப்பு, வீக்கம், கலங்கல் ஆகியவற்றுக்குப் புள்ளியிடுவதே அம்முறை. மனிதரைக் காக்கும் நோக்குடன் பிறந்த முறை அது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், முயலின் கண் நமது கண் அல்ல. அதற்கு மூன்றாவது இமை உண்டு. ஒரே பொருளைப் பல ஆய்வுகூடங்கள் சோதித்தபோது முடிவுகள் பெரிதும் முரண்பட்டன என்று 1971இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. நம்பகத்தன்மையும் குறைவு, வேதனையும் மிகுதி என்றால் அதைத் தொடர்வது எதற்காக?

இக்கேள்வியை உலகறியக் கேட்டவர் ஹென்றி ஸ்பைரா. கப்பற் தொழிலாளியாகவும், தொழிலாளர் பத்திரிகை எழுத்தாளராகவும், ஆசிரியராகவும் வாழ்ந்தவர். 1980 ஏப்ரல் 15ஆம் திகதி நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் றெவ்லோன் நிறுவனத்தை நோக்கி முழுப்பக்க விளம்பரம் ஒன்றை வெளியிடச் செய்தார். பத்திரிகைக்காரன் என்ற வகையில் என்னைக் கவர்ந்தது அவ்விளம்பரத்தின் காரம் அல்ல. அதற்கு முன்னர் அவர் காட்டிய பொறுமையே. வெகுகாலம் அந்நிறுவனத்துடன் பேசிப் பார்த்தார். மாற்றுவழி ஆய்வுக்குச் சிறு தொகை ஒதுக்குமாறு கேட்டார். பேச்சு பயனளிக்காத பின்னரே விளம்பரம் வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் றெவ்லோன் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கு ஏழரை இலட்சம் டொலரை வழங்க முன்வந்தது.

இன்று, ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட மனித உயிரணுக்களாலான விழிப்படலத்திற் பல பொருட்களைச் சோதிக்க முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல், விலங்குகளிற் சோதித்த அழகுசாதனங்களின் விற்பனையைத் தடைசெய்தது. இந்தியா 2014இல் அழகுசாதனச் சோதனைக்கும், அவ்வாறு சோதித்தவற்றின் இறக்குமதிக்கும் தடை விதித்தது.

ஆயினும் இத்தடைகள் உதட்டுச் சாயத்துக்கே உரியவை; சலவைத்தூளுக்கு அல்ல. வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கெனப் பிரித்தானியா 2015இல் ஒரு தடையைக் கொண்டுவந்தது. அங்கும் மூலப்பொருட்களுக்கு விதிவிலக்கு உண்டு. அழகுசாதனங்களும் முற்றாகத் தப்பவில்லை. அவற்றில் மட்டும் பயன்படும் மூலப்பொருளுக்குக்கூட, இரசாயனச் சட்டத்தின் கீழ் விலங்குச் சோதனையைக் கோரலாம் என ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2023 நவம்பரிற் தீர்ப்பளித்தது. முன்வாசலிற் பூட்டிய சோதனை பின்வாசலால் நுழைகிறது.

"குழந்தை தவறுதலாகக் குடித்துவிட்டால் என்ன செய்வது? சோதிக்காத பொருளை வீட்டில் வைக்கலாமா?" என்று என் மனைவி கேட்டாள். தாயொருத்தியின் நியாயமான கேள்வி. சோதிக்காமலே விற்கட்டும் என்று எவரும் சொல்லவில்லை. வேறு விதமாகச் சோதியுங்கள் என்பதே கோரிக்கை. பாதி விலங்குகள் இறக்கும் அளவைக் கண்டறியும் பழைய நச்சுச் சோதனை 1927இல் உருவானது. அதைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு 2002இல் தன் வழிகாட்டிகளிலிருந்து நீக்கியது. அதனால் எந்த வீட்டிலும் பாதுகாப்பு குறைந்துவிடவில்லை.

உறையில் 'விலங்குகளிற் சோதிக்கப்படவில்லை' என்றிருந்தால் அத்துடன் திருப்தியடைந்துவிடாதீர்கள். முடிவுப் பொருளை மட்டுமே அவ்வாசகம் குறிக்கக்கூடும். மூலப்பொருட்கள் எவ்வாறு சோதிக்கப்பட்டன என்று உற்பத்தியாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். வாங்குபவர் கேட்காத கேள்விக்கு விற்பவர் பதில் தேடமாட்டார்.