சந்தைக்கு முன்னால் வாங்கிய கிடா



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அது. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் வளைகுடாவில் பணிபுரிகிறார். தம் குர்பானியை ஊரிலேயே நிறைவேற்றும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்து, அதற்கான தொகையையும் அனுப்பியிருந்தார். ஆகவே முத்தவல்லி அவர்களும் நாமும், மதரஸாவில் ஓதும் பதின்மூன்று வயது மாணவன் ஒருவனும் ஓமந்தூரிலிருந்து ஒரு சிறு சரக்கு வண்டியில் செஞ்சிக்குப் புறப்பட்டோம். சுப்ஹுத் தொழுகையைத் திண்டிவனத்தில் நிறைவேற்றிவிட்டு மேற்கே திரும்பினோம். அங்கிருந்து செஞ்சி ஏறத்தாழ 28 கிலோமீட்டர். தீவனூரைக் கடந்து சென்றபோது பொழுது புலர்ந்தது. தொலைவில் ராஜகிரி மலை தெரியத் தொடங்கியது.

செஞ்சியின் வெள்ளிச் சந்தை இப்பகுதியில் பெயர் பெற்றது. பெருநாள், தீபாவளி, பொங்கல் காலங்களில் ஆடு வாங்க வெளியூர் வியாபாரிகள் குவிந்துவிடுவர். நாங்கள் சந்தைக்கு அரை கிலோமீட்டர் முன்பே ஒரு தேநீர்க் கடையில் இறங்கினோம். அப்போது ஓர் அம்மையார் இரண்டு வெள்ளாட்டுக் கிடாக்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சாலையோரமாக நடந்து வந்தார். ஒரே ஈற்றில் பிறந்த இரட்டைக் கிடாக்கள். கருநிறம், மினுமினுப்பான உடல், குறையற்ற காது, நேரான நடை.

முத்தவல்லி அவர்கள் வாயைப் பிரித்துப் பல்லைப் பார்த்தார். இரண்டு பல் விழுந்து முளைத்திருந்தது. ஹனஃபி மத்ஹபின்படி வெள்ளாட்டுக்கு ஓராண்டு நிறைந்திருந்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் ஈராண்டு வேண்டும். நம் ஊர் ஹனஃபிதான். வயது, பார்வை, கால், உடல்வளம் எதிலும் குறையில்லை.

"உள்ளே என்ன விலை போகுது பாய்?" என்று அந்த அம்மையார் கேட்டார்.

"இன்னைக்கு வரத்து அதிகம்மா. விலை இறங்கிக் கிடக்கு" என்றார் முத்தவல்லி. நாங்கள் அதுவரை சந்தைக்குள் காலெடுத்தே வைக்கவில்லை. அருகில் நின்ற நாமும் வாய் திறக்கவில்லை.

கிடா ஒன்று பதினோராயிரத்துக்குப் படிந்தது. மற்றதை அவர் சந்தைக்கு ஓட்டிச் சென்றார். வாங்கியதை வண்டியில் கட்டி, ஓட்டுநரைக் காவலுக்கு வைத்துவிட்டு, மாணவனுக்குச் சந்தையைக் காட்ட உள்ளே நுழைந்தோம்.

எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத காட்சி அது! ஒருபுறம் செம்பழுப்புச் செம்மறிகள், மறுபுறம் வெள்ளாடுகள், இடையில் தாயைத் தேடிக் கத்தும் குட்டிகள். துண்டுக்குள் கைவிட்டு விரல்களாலேயே விலை பேசும் தரகர்கள். கயிறும் சலங்கையும் விற்போர், கூழ் விற்போர், கீரைக்கட்டுகளோடு அமர்ந்திருக்கும் கிழவிகள். தொப்பி அணிந்தவர்கள் அன்று மிகுதி. எதிர்ப்பட்ட இடமெல்லாம் ஸலாம். மாணவன் வியந்து வியந்து பார்த்தான். பிறகு விலைகளைக் கேட்கத் தொடங்கினான். நம் கிடாவைப் போன்றவை பதின்மூன்று, பதினான்காயிரத்துக்குக் கைமாறிக்கொண்டிருந்தன.

"நல்ல பேரம்!" என்று முத்தவல்லி அவர்கள் மகிழ்ந்தார்.

மாணவன் மெல்ல நம் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தான். "ஹஜ்ரத், போன வாரம் ஓதினோமே, சரக்குக் கொண்டு வருபவர்களைச் சந்தைக்கு வெளியே போய் எதிர்கொள்ளக் கூடாது என்று... இது அதுதானே?"

ஆம், அதுதான். சரக்கோடு வருவோரை அவர்கள் சந்தையை அடைந்து விலையை அறிவதற்கு முன் வழிமறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்த ஹதீஸை ஒட்டகக் கூட்டமும் பாலைவனமும் சேர்த்துச் சித்திரம்போல் நாமே விளக்கியிருந்தோம். செஞ்சிச் சாலையும் தேநீர்க் கடையும் அந்தப் பாடத்துக்குள் வரும் என்று அப்போது நமக்குத் தோன்றவில்லை.

முத்தவல்லி அவர்கள் விடவில்லை. "விற்பனையை முறிக்கும் உரிமை ஷாஃபிஈயில் அல்லவா ஹஜ்ரத்? நாம் ஹனஃபி ஆயிற்றே!" அவரும் கிதாபு ஓதியவர்தாம். நம் மத்ஹபில் அந்த வியாபாரம் செல்லும். ஆனால் விலை அறியாதவரிடம் விலையை மறைத்து வாங்குவது நம் மத்ஹபிலும் வெறுக்கப்பட்டதே. நாங்கள் மறைக்கவும் இல்லை. அறியாத ஒன்றை அறிந்ததுபோல் சொன்னோம். அது அதைவிட மோசம். சொன்னவர் அவர், மௌனமாக நின்றவர் ஆலிம் என்று பெயர் வாங்கிய நாம். வயதில் மூத்தவரிடம் மாணவன் முன்னிலையில் இதை எடுத்துரைக்க நா எழவில்லை. "அந்த அம்மாவைத் தேடுவோம்" என்று மட்டும் சொன்னோம்.

சந்தையின் மறுகோடியில் அவரைக் கண்டோம். இரண்டாவது கிடாவைப் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறுக்கு விற்றுவிட்டு, முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"வித்த ஆட்டைத் திருப்பி வாங்க மாட்டேன் பாய். நல்லாப் பாத்துத்தானே வாங்குனீங்க?"

"திருப்பித் தரவில்லை அம்மா. உள்ளே விலை இறங்கவில்லை. தெரியாமல் சொல்லிவிட்டோம். விருப்பமிருந்தால் ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மீதி இரண்டாயிரத்து ஐந்நூறைப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்றோம்.

அவர் நம்பவில்லை. சுற்றி நின்ற தரகர் ஒருவர் சிரித்தார். குர்பானிக்கு வந்த தொகை பிறருடைய அமானிதம். நம் தவறுக்கு அதில் கை வைக்க இயலாது. நம் சட்டைப்பையில் மளிகைக் கடன் அடைக்க வைத்திருந்த மூவாயிரம் இருந்தது. மதரஸா ஆசிரியரின் வீட்டில் மாத நடுவில் மூவாயிரம் என்றால் என்னவென்று இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். எண்ணிக் கொடுத்தோம். அவர் வாங்கி மறுபடி எண்ணினார். பின் ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து மாணவன் கையில் திணித்தார்.

"வெயில்ல என்னைத் தேடி அலைஞ்சீங்க. அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுங்க."

மறுத்துப் பார்த்தோம், அதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டார்.

ஜுமுஆவுக்கு நேரம் இருந்ததால் கோட்டையடிவாரத்துக்குச் சென்றோம். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2025 ஜூலையில் இடம்பெற்ற மராட்டிய இராணுவக் கோட்டைகள் 12. அவற்றுள் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே. 1714இல் தேசிங்குராசனை வென்ற ஆற்காட்டு நவாப் சஅதத்துல்லாஹ் கான் பெயரால் அங்கே ஒரு பழைய பள்ளிவாசல் நிற்கிறது. தேசிங்கு பக்கம் நின்று உயிர்நீத்த தோழன் முகமது கானைத்தான் மக்களின் கதைப்பாடல் கொண்டாடுகிறது. அந்தக் கதையை மாணவனுக்குச் சொன்னோம். ஆனால் அவன் கவனம் முழுவதும் கையிலிருந்த ஐந்நூறில் இருந்தது.

ஊருக்குள் இருக்கும் பள்ளியில் ஜுமுஆ தொழுதுவிட்டுத் திரும்பினோம். வழியில் முத்தவல்லி அவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரவு அந்தச் சகோதரரிடம் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னோம். அந்தத் தொகையைத் தாமே தருவதாக வற்புறுத்தினார்; தவறு எங்களுடையது என்று மறுத்துவிட்டோம்.

மறுநாள் சுப்ஹுக்குப் பின் ஹவுளருகே முத்தவல்லி அவர்கள் நம் கையில் மடித்த இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"கிடாவுக்கு அகத்திக் கீரை வந்ததா ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார்.

வந்திருந்தது. மாணவன்தான் வாங்கி வந்திருந்தான், ஐந்நூறு ரூபாய்க்கும்.