கடைசிக் கதையும் முதல் எழுத்தும்

முடிவு என்றால் மனத்துக்கு வருத்தந் தருவதே இயல்பு. ஆனால், எங்கள் வீட்டில் ஒரு முடிவு தொடக்கமாக அமைந்தது. அதை எண்ணுந்தோறும் எனக்கு மகிழ்ச்சியும் வெட்கமும் ஒருங்கே உண்டாகின்றன.

அமெரிக்காவின் பி.பி.எஸ். தொலைக்காட்சியில் 2007 முதல் 2016 வரை 'சூப்பர் வை' என்றொரு கார்ட்டூன் தொடர் ஒளிபரப்பாயிற்று. ஏஞ்சலா சன்டொமேரோ என்னும் அம்மையார் அதனைப் படைத்தவர். சிறுவருக்கு வாசிப்பைப் பழக்குவதே அதன் நோக்கம். பன்றிக்குட்டி எழுத்துகளைத் தேடும்; சிவப்பு முக்காட்டுச் சிறுமி சொற்களைச் சேர்ப்பாள்; இளவரசி எழுத்துக் கூட்டுவாள்; சிறுவன் வாசிப்பான். துன்பம் வந்தால் நால்வரும் ஒரு புத்தகத்தினுள் புகுவர். அங்கே ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றிவிட்டால் கதையின் போக்கே மாறிவிடும்! எளிய உத்திதான், எனினும் ஆசிரியனாகிய என்னையும் அது கவர்ந்தது.

தொடர் நின்றதற்கு மறு ஆண்டு, ஏழு வயதினளாயிருந்த என் மகள் அதனைக் கணினியில் ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தாள். மொழி விளங்காவிடினும் என் தாயாரும் அருகில் அமர்ந்திருப்பார். பெல்மதுளைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் விடியுமுன் எழுந்து பால் வெட்டி, என்னைப் பட்டதாரியாக்கியவர் அவர். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள லயத்திலேயே நிறுத்தப்பட்டமையால், பள்ளிக்கூட வாசலை மிதியாதவர்.

ஒரு மழை நாள் மாலையில் கடைசிக் கதையும் முடிந்தது.

"அடுத்தது எப்ப அப்பா?"

"இனி இல்லையம்மா, இதுதான் கடைசி."

அவள் முகம் வாடிற்று. சற்றுநேரம் பேசாதிருந்தவள், கொப்பியை எடுத்து, 'அப்பாயிக்கு எழுதத் தெரியாது' என்று பெரிதாக எழுதினாள். பின் கடைசிச் சொல்லை அழித்துத் 'தெரியும்' என மாற்றினாள்.

"கதையை மாத்திட்டேன் அப்பாயி!" என்று சொல்லிப் பென்சிலை அவர் விரல்களிடையே வைத்தாள்.

நான் திகைத்துப்போனேன். பத்தாண்டுக்கு மேலாகப் பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னவன் நான். வங்கிக்குச் செல்லுந்தோறும் தாயாரின் பெருவிரலைப் பிடித்துக் கைநாட்டு வைப்பித்ததும் என் கைதான். அந்தக் கையால் அவருக்கு ஓர் எழுத்தேனும் கற்பிக்கலாமென்று எனக்குத் தோன்றவேயில்லை!

தமிழில் எழுத்துகள் 247. தாயாரின் பெயருக்கு வேண்டியவை நான்கே. கத்தி பிடித்துக் காய்த்த விரல்கள் பென்சிலுக்கு இணங்க மூன்று திங்கள் சென்றன. பேத்தி சலிக்கவில்லை, பிழை நேர்ந்தால் சிரித்து, மீண்டும் எழுதிக் காட்டுவாள்.

அடுத்த முறை வங்கியில் மைப்பெட்டியை நீட்டியபோது, தாயார் அதை மெல்ல விலக்கிப் பேனா கேட்டார். கைநாட்டைக் கையெழுத்தாக மாற்றப் புதுப் படிவம் நிரப்பவேண்டுமென்றனர். வரிசையில் நின்றோர் பொறுத்திருக்க, நான்கு எழுத்துகளையும் நிதானமாக எழுதினார். கடைசி எழுத்து சற்றே சாய்ந்திருந்தது. திரும்பும் வழியில், பேருந்தின் நெற்றிப் பலகையைப் பார்த்து, "பெல்... மதுளை" என்று எழுத்துக் கூட்டினார். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்திலும் கைநாட்டு வைக்கும் பாட்டியோ பாட்டனோ இருக்கக்கூடும். இன்று மாலை அவர்கள் அருகில் ஒரு கொப்பியுடன் அமருங்கள். என்னைப்போற் காலந் தாழ்த்தாதீர்கள்.