அக்கா விட்டுப்போன வரிசை

பி.காம். படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிற உங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எதற்கு என்று வீட்டம்மா அடிக்கடி கேட்பார். போன பொங்கலுக்கு நானும் என்னையே அப்படிக் கேட்டுக்கொண்டேன்.

தாராவியில் நம் திருநெல்வேலிக்காரர்கள் சேர்ந்து பொங்கல் விழா நடத்துவோம். வீட்டுக்கு 500 ரூபாய். கணக்கு என் பொறுப்பு. பெயர்கள் எல்லாம் ஒரு வலைப்பக்க அட்டவணையில் இருந்தன. பாக்கிப் பட்டியல் எடுக்கச் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார், கட்டியிருந்தால் நீக்கு, அடுத்த எண்ணுக்குப் போ. நாலு பெயரை வைத்துச் சோதித்தேன், சரியாக வந்தது. செம்பூர் வீட்டில் உட்கார்ந்தபடியே போன் போட ஆரம்பித்தேன்.

90 அடி சாலைப் பக்கம் ஓர் அக்கா. அவர் வீட்டு இட்லி விடியற்காலையில் மாட்டுங்கா வரை போகும்.

"அண்ணாச்சி, பக்கத்து வீட்டு மைனியும் நானும் சேந்துதான வந்து கட்டினோம்? என்னைய மட்டும் கட்டலன்னு சொல்லுதியளே!"

கோபம்கூட இல்லை, குரல் கம்மிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது.

நடந்தது இதுதான். மைனி 7-வது வரி, அக்கா 8-வது. 7-ஐ நீக்கியதும் அக்கா மேலேறி 7 ஆகிவிட்டார். நிரலோ 8-க்குப் போய்விட்டது. அவரை அது பார்க்கவே இல்லை! பிரவுசர் தரும் அந்த வரிகளின் தொகுப்பு உயிருள்ளது. நம் கவுண்டர் கியூ மாதிரி, ஓர் ஆள் போனால் பின்னால் நிற்பவர்கள் முன்னே நகர்வார்கள். சோதனையில் கட்டியவர்கள் அடுத்தடுத்து வராததால் பிழை தெரியவில்லை.

இன்ஜினியரிங் படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "கடைசியிலேர்ந்து மேல வாங்கப்பா. நகர்றவங்க எல்லாம் ஏற்கெனவே பார்த்தவங்களா இருப்பாங்க." இன்னொரு வழியும் சொன்னாள். 'குவெரி செலக்டர் ஆல்' என்று கேட்டு வாங்கினால் அது கியூவை எடுத்த போட்டோ. ஆள் போனாலும் போட்டோவில் இடம் மாறாது.

ஆனால் என் தப்பு ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் இல்லை. பகலில் கேஷ் டேலி ஆகாமல் சீட்டை விட்டு எழுந்திருக்காதவன், நீக்கிய வரிகள் எத்தனை, கொடுத்த ரசீதுகள் எத்தனை என்று ஒரு தடவை ஒத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. எட்டு இட்லி கட்டிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.