பூஜ்யத்தைத் தேடி
(முதுநிலை இயற்பியல் மாணவர் ஒருவரின் அனுபவம்)

தேர்வில் பூஜ்யம் வாங்கி மகிழ்ந்தவர் எவருமில்லை. ஆனால் செயல்திட்டத்திற்காக ஓர் ஆய்வுக்கூடத்தில் கழித்த கோடை விடுமுறையில், பூஜ்யம் ஒன்றுக்காகவே நான் தவம் கிடந்தேன், நண்பர்களே!

என் கையில் இருந்தது சிறு கறுப்புத் துண்டு. இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த மீக்கடத்தி. போதிய குளிரில் மின்தடையே இன்றி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அதன்மேல் வெள்ளிப் பசையால் நான்கு கம்பிகளை ஒட்டினேன். வெளிக்கம்பிகள் இரண்டும் மின்னோட்டம் செலுத்த. உட்கம்பிகள் இரண்டும் மின்னழுத்தம் அளக்க. இப்படிப் பிரித்தால்தான் கம்பிகளின் தடை கணக்கில் புகாது.

77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனில் துண்டை இறக்கினேன். அளவி சில மைக்ரோவோல்ட் காட்டியது. மின்னோட்டத்தின் திசையை மாற்றினேன், அளவு அசையவில்லை. அப்படியானால் அது மின்தடையால் வந்ததன்று. கம்பி முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் வந்தது. அதைக் கழித்தேன். பூஜ்யம்!

அடுத்து மின்காந்தத்தை இயக்கினேன். மின்னழுத்தம் மெல்ல ஏறிற்று. திசையை மாற்றினால் இம்முறை குறியும் மாறியது. ஐயமில்லை, மின்தடையேதான். துண்டு கெட்டுவிட்டதோ என்று நெஞ்சு படபடத்தது. ‘காந்தமில்லாத அளவீடுகளை மட்டும் எழுதினால் யாருக்குத் தெரியும்?’ என்று மனம் குறுக்குவழி காட்டிற்று.

பின்னால் நின்றிருந்த வழிகாட்டி, “காந்தத்தை நிறுத்திப் பாருங்க தம்பி” என்றார். நிறுத்தினேன், ஏறிய மின்னழுத்தம் இறங்கிற்று. துண்டு கெடவில்லை. அதன் பரல்களை இணைக்கும் பலவீனமான சந்திகளே காந்தப்புலத்துக்கு முதலில் தோற்றிருந்தன.

1911இல் லைடன் நகரில் பாதரசத்தின் மின்தடை மறைவதைக் கண்டவர் காமர்லிங் ஓன்னஸ். மீக்கடத்திச் சுருளால் பெருங்காந்தம் செய்ய அவர் கனவு கண்டார். சில நூறு காஸ் புலத்திலேயே ஈயத்தின் மீக்கடத்தல் அழிவதை 1914இல் கண்டார். அந்த ஏமாற்றத்தை அவர் மறைக்கவில்லை, அளந்து வெளியிட்டார். 1961இல் நியோபியம்-வெள்ளீயச் சேர்மம் 88,000 காஸ் புலத்தையும் தாங்குமென்று பெல் ஆய்வுக்கூடத்தினர் அளந்து காட்டினர். கனவுக்கு வழி பிறந்தது. இன்று மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. கருவிகளில் மீக்கடத்திக் காந்தங்கள் உழைக்கின்றன.

பதிவேட்டில் எல்லா அளவீடுகளையும் எழுதினேன். அதைப் படித்த வழிகாட்டி ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்: “பூஜ்யம்னு எழுதாதீங்க. நம்ம அளவிக்கு எட்டுறதைவிடக் குறைவுன்னு எழுதுங்க.”

மறைக்க நினைத்த அந்த அளவீடுகளே என் அறிக்கையின் மிக நீண்ட அத்தியாயமாயின.