கிளட்ச் விடவில்லையா? கேபிளில் இருந்து பாருங்கள்

“சார், கிளட்சை முழுசாப் பிடிச்சாலும் வண்டி முன்னாடி இழுக்குது. முதல் கியர் போட்டா ஒரு குதி குதிச்சு நின்னுடுது. நியூட்ரலும் விழ மாட்டேங்குது.”

நெல்லில் புகையான், தென்னையில் வெள்ளை ஈ என்று வரும் கேள்விகளுக்கு நடுவே, இதையும் வருடத்தில் நாலைந்து பேராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். நான் படித்தது வேளாண்மைதான். ஆனால் புதுச்சேரி டவுனில் குடியிருந்துகொண்டு பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு என்று கொம்யூன் கொம்யூனாக முப்பது வருடம் பைக்கிலேயே சுற்றியவனுக்கு, பயிரோடு சேர்த்து வண்டியும் கொஞ்சம் பிடிபட்டுவிடுகிறது.

கிளட்ச் கோளாறு இரண்டு வகை. ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் அது நழுவுகிற கிளட்ச். அங்கே பிளேட் தேய்ந்திருக்கலாம். லீவரைப் பிடித்தும் வண்டி இழுக்கிறது என்றால் அது விடாத கிளட்ச். பிளேட் தேய்ந்தால் நழுவுமே தவிர, பிடித்துக்கொண்டு இழுக்காது. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பலர் வீணாகப் பிளேட் மாற்றிவிட்டு வந்து நிற்கிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். லீவரைப் பிடித்தால் கேபிள் இழுபட்டு, என்ஜின் பக்கத்தில் இருக்கிற சின்னக் கையை நகர்த்துகிறது. அது ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தைத் தளர்த்த, ஆயிலில் ஊறி அடுக்கடுக்காக இருக்கும் பிளேட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று மயிரிழை விலகுகின்றன. அந்த மயிரிழைக்கு லீவரின் ஓட்டம் முழுசாக வேண்டும். வழியில் எங்கே கொஞ்சம் வீணானாலும் பிளேட் விலகாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊர் அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. அந்தச் சமயம் சம்பாப் பயிர்ச் சேதத்தைப் பதிவு செய்ய உழவர் உதவியகத்துக்கு வந்த ஒரு பெரியவர், எழுதி முடித்ததும் பைக்கைப் பற்றிப் புலம்பினார். என்ஜின் உயரத்துக்கு இரண்டு நாள் தண்ணீரில் நின்ற வண்டி. ஆயிலை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, ஸ்டார்ட் ஆகிறது, கிளட்ச் மட்டும் விடவில்லை. கிளட்ச் செட்டையே மாற்ற வேண்டும், சில ஆயிரம் ஆகும் என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். வயலில் நெல் போய்விட்டது. வீட்டில் கைக்கு வருவது இரண்டு மாட்டுப் பால் காசுதான். அந்தப் பாலை விடியற்காலையில் சொசைட்டிக்குக் கொண்டுபோவது இதே வண்டி.

“ஐயா, லீவரைப் பிடியுங்க, நான் கீழே பார்க்கிறேன்” என்றேன். லீவர் ஒரு அங்குலம் சும்மா வந்தது. என்ஜின் பக்கத்துக் கை அசைந்ததோ அசையவில்லையோ என்றிருந்தது. கேபிளின் கீழ்முனை துருப்பிடித்து, இழைகள் பிரிந்து, உறைக்குள் சிக்கியிருந்தது. புதுக் கேபிள் ஓரிரு நூறு ரூபாய்தான். மாட்டிச் சரிபார்த்தோம். அப்போதும் ஒட்டிப்போயிருந்த பிளேட் உடனே பிரியவில்லை. என்ஜினை சூடாக்கி அணைத்தோம். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடியே வண்டியை முன்னும் பின்னும் உலுக்கினோம். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு விட்டுக்கொடுத்தது. மறுநாள் பால் சொசைட்டிக்குப் போனது.

பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. காலையில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு நாலு உதை உதைத்து, ராத்திரி ஒட்டிக்கொண்ட பிளேட்டைப் பிரித்த பிறகுதான் ஸ்டார்ட் செய்வார்கள்.

வீட்டிலேயே சோதிக்க எளிய வழி இருக்கிறது. என்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு, முதல் கியரில் வையுங்கள். ஒருவர் கிளட்சைப் பிடிக்க, இன்னொருவர் டயரைக் கையால் சுற்றட்டும். விரல் செயின் பக்கம் போகக் கூடாது. சிறு இழுப்போடு சுற்றினால் கிளட்ச் விடுகிறது. சுற்றவே இல்லையென்றால் விடவில்லை. பிறகு லீவர் நுனியைப் பாருங்கள். நம் ஊரில் அதிகம் ஓடும் 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆடினால் சரி. மற்றவற்றுக்கு வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். அதைவிட அதிகம் ஆடினால் கேபிள் நட்டைத் திருகிக் குறைக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடவும் கூடாது, நழுவ ஆரம்பித்துவிடும். வண்டி விழுந்து லீவர் வளைந்திருந்தாலும், லீவர் போல்ட் ஓட்டை பெரிதாகியிருந்தாலும் ஓட்டம் அங்கேயே வீணாகும்.

ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் வண்டி இழுத்தால் கேபிள் போகிற வழி தவறு. டேங்க் மேல் 45 கிலோ யூரியா மூட்டையைக் குறுக்கே போட்டுக் கேபிளை நசுக்குவது நம் ஆட்களுக்குச் சாதாரணம். பொட்டாஷ் அதைவிட மோசம். மியூரேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, உப்பு வகை. மூட்டையிலிருந்து சிந்தும் தூள் கேபிள் முனையில் ஈரத்தோடு உட்கார்ந்தால், கடற்காற்று போதாதென்று இதுவும் சேர்ந்து இரும்பைத் தின்னும். உரம் ஏற்றிய அன்று வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்தபின் கேபிளில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

ஆயிலிலும் ஒரு பழக்கம். டிராக்டருக்கு வாங்கியது மீதியிருக்கிறதே என்று பைக்கில் ஊற்றுவார்கள். கெட்டி ஆயில் குளிர்ந்த காலையில் பிளேட்டுகளை ஒட்டவைக்கும். கார் ஆயில் சிலவற்றில் கிளட்ச் நழுவும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்; ஆயில் ஈரத்தில் ஓடும் கிளட்சுக்கு ஏற்றது என்று அதற்கு அர்த்தம். வெள்ளத்தில் நின்ற வண்டியில் ஆயில் டீ நிறத்தில் கலங்கியிருந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். வடித்து மாற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள்.

இத்தனையும் பார்த்தும் விடவில்லை என்றால்தான் என்ஜின் மூடியைக் கழற்ற வேண்டும். அப்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் ஓரம் ஆடும். பிளேட் உட்காரும் கூடையின் பள்ளங்களில் தழும்பு விழுந்திருந்தாலும் பிளேட் நகராது. மாற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டிவிஎஸ் எக்ஸ்.எல். வைத்திருப்பவர்கள் ‘எங்களுக்கு லீவரே இல்லையே’ என்பார்கள். அதில் கிளட்ச் வேகத்தைப் பொறுத்துத் தானாகப் பிடிப்பது. நிற்கும்போதே அது ஊர்ந்தால், முதலில் ஐடிலிங் அதிகமாக வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதைக் குறைத்தும் ஊர்ந்தால் கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம்.