கைவிட்ட விளையாட்டு யாருக்குச் சொந்தம்?



சுவர் இதழ்னா கவிதை, விடுகதை, தலைவர்கள் வாழ்க்கை வரலாறு எழுதுவோம். இந்த முறை நான் ஒரு செல்போன் கேமைப் பத்தி எழுதப் போறேன். "கேமையெல்லாம் சுவர் இதழ்ல போடுவாங்களா?"ன்னு சிரிக்காதீங்க. முழுசா படிச்சுட்டு அப்புறமா சிரிங்க.

அந்த கேம் பேரு ஃபிளாப்பி பேர்டு. ஒரு குண்டுக் குருவி பறக்கும். நாம தட்டினா மேல போகும், விட்டா கீழ விழும். பச்சைக் குழாய்களுக்கு நடுவுல இருக்கிற சந்துல நுழைஞ்சு போகணும். அவ்வளவுதான். ஆனா ரொம்பக் கஷ்டம்! பெங்களூருல கட்டட வேலை பார்த்த எங்க மாமாவோட பழைய போன்ல அது இருந்துச்சு. 2020-ல கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடம் மூடினப்ப, வீட்டுல அதுதான் எனக்கும் தம்பிக்கும் துணை. மாமாவோட ஸ்கோர் 47. நான் 31-ஐத் தாண்டவே இல்லை. ஒருநாள் பேட்டரி உப்பி போன் செத்துப் போச்சு. வேற போன்ல ஏத்தலாம்னு தேடினா கேமே இல்லை!

ஏன் இல்லைன்னு விசாரிச்சேன். அதை உருவாக்கினவர் வியட்நாம் நாட்டைச் சேர்ந்த டோங் நுயென். 2013-ல வெளியிட்டார். 2014 தொடக்கத்துல உலகம் முழுக்கப் பரவிடுச்சு. விளம்பரத்துல மட்டும் ஒரு நாளைக்கு 50,000 டாலர் வந்ததா அப்ப செய்தி வந்திருக்கு. ஆனா அந்த பிப்ரவரியிலேயே அவர் கேமை எடுத்துட்டார். மக்கள் அதுக்கு அடிமையாகுறாங்க, அது தனக்குப் பிடிக்கலைன்னு காரணம் சொன்னார். காசு கொட்டும்போது கையை எடுத்த மனுஷன்! எனக்கு அவர்மேல மரியாதை வந்துச்சு. 47 மட்டும் முந்த முடியாமலே போச்சு.

அதனால நானும் என் தோழி கவிப்பிரியாவும் ஒரு முடிவுக்கு வந்தோம். ஹைடெக் லேப் கணினியில ஸ்கிராட்ச் இருக்குதே, அதுல அந்த கேமோட அடுத்த பாகத்தை நாமே செஞ்சு, ஆண்டு விழாவுல எல்லாரையும் விளையாட வைக்கலாம்னு. அவ படம் வரைவா, நான் நிரல் எழுதுவேன். பேரு வைக்கும்போதுதான் சண்டை வந்துச்சு.

"ஃபிளாப்பி பேர்டு இரண்டாம் பாகம்னு வெச்சாத்தான் பசங்க வருவாங்க. அவரே வேண்டாம்னு போட்டுட்டாரு. கீழ கிடக்கிற மாங்காயை யார் எடுத்தா என்ன?" இது கவிப்பிரியா.

"தோப்புக்காரர் ரெண்டு வருஷம் தண்ணி பாய்ச்சலைன்னா தோப்பு உனக்கு ஆயிடுமா?" இது நான்.

ரெண்டு நாள் பேசவே இல்லை. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து தமிழம்மாகிட்டயும் கணினி சார்கிட்டயும் போனோம். அவங்க சொன்னதையும் நான் தேடிப் படிச்சதையும் கீழே எழுதுறேன்.

நம்ம நாட்டுல பதிப்புரிமைச் சட்டம் 1957-ல வந்தது. அந்தச் சட்டத்துல கணினி நிரலும் 'இலக்கியப் படைப்பு'தான்! அதாவது நம்ம தமிழ்ப் புத்தகத்துல இருக்கிற கதையும், ஒரு கேமோட நிரலும் சட்டத்துக்கு முன்னாடி ஒரே ஜாதி. எழுதினவர் உயிரோட இருக்கிற வரைக்கும், அதுக்கப்புறம் 60 வருஷமும் உரிமை உண்டு. முன்னாடி 50 வருஷமா இருந்தது. தாகூரோட எழுத்துக்களுக்கு உரிமை முடியப் போன நேரத்துல, 1992-ல 60 ஆக்கினாங்க. பதிவு செஞ்சாத்தான் உரிமைன்னு இல்லை. எழுதின உடனே உரிமை வந்துடும். பெர்ன் உடன்படிக்கையில இந்தியாவும் இருக்குது, வியட்நாமும் இருக்குது. அதனால அவரோட உரிமை கடத்தூர்லயும் செல்லும்.

சரி, 'கைவிட்டா'? இதுதான் முக்கியம். உரிமையை விட்டுக் கொடுக்கணும்னா அதுக்குன்னு ஒரு வழி சட்டத்திலேயே இருக்குது, 21-ஆம் பிரிவு. வெளிப்படையா அறிவிப்புக் கொடுத்து விட்டுடலாம். சும்மா கடையை மூடிட்டுப் போனா விட்டுக் கொடுத்ததா ஆகாது. மௌனம் சம்மதம்னு சொல்றது இங்க எடுபடாது.

ஆனா பேரு வேற கணக்கு. பேரு வணிகக் குறியில வரும். அதைப் பயன்படுத்திக்கிட்டே இருக்கணும். நம்ம நாட்டுலயும் தொடர்ந்து அஞ்சு வருஷத்துக்கு மேல பயன்படுத்தாம இருந்தா, பதிவை நீக்கச் சொல்லி வேற ஒருத்தர் கேட்கலாம். ஃபிளாப்பி பேர்டுக்கு அமெரிக்காவுல அப்படித்தான் ஆச்சு. அவர் பேரைக் கைவிட்டுட்டார்னு சொல்லி வேற நிறுவனம் அதை வாங்கிடுச்சு. 2024 செப்டம்பர்ல அந்தப் பேருல புது கேம் வரப் போகுதுன்னு அறிவிச்சாங்க. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, நான் எதையும் விக்கலைன்னு டோங் நுயென் சொல்லிட்டார். பெத்தவர் ஒரு பக்கம், பேரு ஒரு பக்கம்! எனக்கு இதைப் படிச்சப்ப மனசு கஷ்டமா இருந்துச்சு.

தமிழம்மா கேட்டாங்க, "கேமுக்கு மட்டும்தானா இந்தப் பிரச்சினை? கல்கியை மறந்துட்டீங்களே?"

உண்மைதான். கல்கி 1954 டிசம்பர் 5-ல காலமானப்ப 'அமரதாரா'ங்கிற தொடர்கதை பாதியில நின்னு போச்சு. அதை முடிச்சது யார் தெரியுமா? அவரோட மகள் ஆனந்தி. அப்பாவோட குறிப்புகளை வெச்சு எழுதினாங்க. உரிமை குடும்பத்துகிட்ட இருந்ததால யாரும் கேள்வி கேட்க முடியாது. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'ன்னு பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியா ஒரு நாவல் எழுதினார். பேரைப் பாருங்க! 'பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம்'னு வைக்கலை, தனக்குன்னு ஒரு பேரு வெச்சுக்கிட்டார். ராஜராஜன், குந்தவை எல்லாம் வரலாற்றுல இருந்தவங்க, அவங்க யாருக்கும் தனிச் சொத்து இல்லை. நந்தினி கல்கியோட கற்பனை. இந்த வித்தியாசம்தான் சட்டம் பார்க்கும். 1999-ல கல்கியோட நூல்கள் நாட்டுடைமை ஆயிடுச்சு. பாரதியார் பாட்டு 1949-லயே அரசுகிட்ட வந்துடுச்சு. அதனாலதான் நாம பயமில்லாம பாடுறோம்.

இன்னொண்ணு. 1978-ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கு. ஆர்.ஜி. ஆனந்த்ங்கிறவர் தன் நாடகத்தைத் திருடி 'நியூ டெல்லி'ன்னு படம் எடுத்துட்டாங்கன்னு வழக்குப் போட்டார். கருத்துக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமைன்னு சொல்லி நீதிபதிகள் தள்ளுபடி செஞ்சாங்க. ஆக, 'குருவி சந்துல நுழையுது'ங்கிறது வெறும் கருத்து. அந்தக் குண்டுக் குருவி படம், அந்தச் சத்தம், அந்த நிரல் எல்லாம் அவரோடது.

வெளிநாட்டுல ரசிகர்கள் இப்படிப் பாகம் செஞ்சு மாட்டியும் இருக்காங்க, ஜெயிச்சும் இருக்காங்க. 'கிங்ஸ் குவெஸ்ட்'ங்கிற பழைய கேமுக்கு ரசிகர்கள் அடுத்த பாகம் செஞ்சாங்க. 2005-ல உரிமைக்கார நிறுவனம் நிறுத்தச் சொல்லிக் கடிதம் போட்டது. ரசிகர்கள் விடாம எழுதிக் கேட்டாங்க. பேரை மாத்திக்கிட்டுச் செய்ய அனுமதி கிடைச்சது. நிறுவனம் கைமாறினதும் 2010-ல மறுபடி தடை, மறுபடி அனுமதி. கடைசியில அந்த வருஷமே 'தி சில்வர் லைனிங்'ங்கிற பேருல வெளிவந்தது. 2016-ல நின்டென்டோ கேமை ஒரு ரசிகர் புதுசா செஞ்சு இலவசமாத்தான் கொடுத்தார். சில நாள்லயே எடுக்க வெச்சுட்டாங்க. 'காசு வாங்கலையே'ங்கிறது முழுக் கவசம் இல்லைன்னு இதுல தெரியுது.

இதையெல்லாம் படிச்ச பிறகு கவிப்பிரியாவே, "பேரை மாத்திடலாம்டி"ன்னு சொன்னா. மாத்தும்போதுதான் கேமும் அழகாச்சு! பச்சைக் குழாய் எதுக்கு? நம்ம ஊர்ல வெற்றிலைக் கொடிக்கால் இருக்குதே! அகத்தி மரத்துல கொடி சுத்தி நெடுநெடுன்னு நிக்கும், நடுவுல சந்து இருக்கும். எங்க அப்பா வெற்றிலை கிள்ளுற தோட்டத்துக்குப் போய் ரெண்டு பேரும் பார்த்து வரைஞ்சோம். குண்டுக் குருவிக்குப் பதில் தூக்கணாங்குருவி, வாயில நார் கவ்விக்கிட்டு. பத்து நார் சேர்ந்தா ஒரு கூடு. பேரு 'கொடிக்கால் குருவி'. கீழே ஒரு வரி: "ஃபிளாப்பி பேர்டு விளையாட்டைப் பார்த்து வந்த ஆசையில் செய்தது. அதை உருவாக்கியவருக்கு நன்றி. அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை."

இதுக்கு ஏன் இவ்வளவு பாடுன்னு சிலர் கேக்கலாம். போன வருஷப் பொங்கலுக்கு இதே சுவர் இதழ்ல நான் ஒரு கன்னுக்குட்டி வரைஞ்சிருந்தேன். அதே கன்னுக்குட்டி ஒரு ஃபிளெக்ஸ் பேனர்ல நிக்குது! யார் வரைஞ்சதுன்னு பேரு இல்லை. நான் காசு கேக்கலைங்க. ஆனா எங்க அம்மாகிட்டக் காட்டி, "இது நான் வரைஞ்சது"ன்னு சொன்னா, "பேரு எங்கடி?"ன்னு கேட்டாங்க. என்ன சொல்றது? படைச்சவர் பேரைச் சொல்லிக்கிற உரிமை சட்டத்துல 57-ஆம் பிரிவுல தனியா இருக்குது. உரிமையை வித்துட்டாலும் அது போகாதாம். எனக்கு வலிச்சது வியட்நாம்ல இருக்கிறவருக்கும் வலிக்கும்தானே?

கேம் செய்யறவங்களுக்கு என் வேண்டுகோள் ஒண்ணுதான். நீங்க விட்டுட்டுப் போகும்போது ஒரு வரி எழுதி வெச்சுட்டுப் போங்க, 'இனி யார் வேண்டுமானாலும் தொடரலாம்' என்றோ, 'கூடாது' என்றோ. உங்க கேமை நேசிச்ச பிள்ளைங்க நடுத்தெருவுல நிக்கக் கூடாது.

அதை நாங்களே முதல்ல செஞ்சுட்டோம். நாங்க பள்ளியை விட்டுப் போன பிறகு 'கொடிக்கால் குருவி'யைத் தம்பி தங்கச்சிங்க யார் வேணும்னாலும் மாத்தலாம், தொடரலாம். நிபந்தனை ரெண்டே ரெண்டு. எங்க பேரு இருக்கணும். உங்களுக்கு அடுத்து வர்றவங்களுக்கும் இதே மாதிரி விட்டுக் கொடுக்கணும்.

ஆண்டு விழா அன்னிக்கு லேப்புக்கு வாங்க. இப்போதைக்கு என் ஸ்கோர் 38. முந்துங்க பார்க்கலாம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கடத்தூர்.