கம்பு சுத்துறது எந்தக் கட்டத்துல வரும்?

மக பதினொண்ணாவது சேர்ந்தப்போ பள்ளிக்கூடத்துல ஒரு படிவம் கொடுத்து விட்டிருந்தாங்க. பேரு, பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் அவளே எழுதிட்டா. கடைசிப் பக்கத்துல 'விளையாட்டு'ன்னு ஒரு கட்டம், அதுக்கு நேர் கீழ 'பொழுதுபோக்கு'ன்னு இன்னொரு கட்டம். பேனாவைக் கையில வச்சுக்கிட்டு, "அப்பா, சிலம்பத்தை எதுல எழுத?"ன்னு கேட்டா. நான் தொழுவத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காம, "பொழுதுபோக்குல எழுது தாயி"ன்னுட்டேன்.

அவ ஒண்ணும் சொல்லல. ரெண்டு கட்டத்தையும் காலியா விட்டுட்டுப் படிவத்தை மடிச்சுப் பைக்குள்ள வச்சுட்டா. அந்த மௌனத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். அதைக் கடைசியில சொல்றேன்.

ரெண்டு நாள் கழிச்சு டீக்கடையில பேச்சுவாக்குல இதைப் போட்டேன். வியர்வை சிந்தினா விளையாட்டு, சிந்தலைன்னா பொழுதுபோக்குன்னு ஒரு அண்ணாச்சி ஒரே வரியில முடிச்சுட்டார். அப்படின்னா எங்க ஊர்ல தென்னை ஏறுறவருக்குத்தான் முதல் பதக்கம் கொடுக்கணும். நாத்து நடுற பொம்பளைங்களுக்கு ரெண்டாவது. அவங்களுக்குக் கூலிதான் கிடைக்குது, அதையும் நாங்க பேரம் பேசித்தான் கொடுக்கிறோம்.

சிரிக்காதீங்க, உழவுக்கே உலகப் போட்டி இருக்கு. முதல் போட்டி 1953-ல கனடாவுல நடந்துச்சு, இன்னைக்கும் நாடு நாடா மாறி நடக்குது. சால் நேரா ஓடியிருக்கா, ஆழம் ஒரே சீரா இருக்கான்னு நடுவர்கள் குனிஞ்சு பார்த்து மதிப்பெண் போடுவாங்க. எங்க தாத்தா காலத்துல அடுத்தவன் வயல் வரப்புல நின்னு, "என்னப்பா, பாம்பு போன தடம் மாதிரி உழுதிருக்கே"ன்னு கேட்டுட்டுப் போவாங்க. மதிப்பெண் அவ்வளவுதான். அதே கலப்பை, அதே மண்ணு. நாள் குறிச்சு, பக்கத்துல ஒருத்தனை உழவிட்டு, ரெண்டு பேருக்கும் உறவில்லாத மூணாவது ஆள் வந்து பார்த்ததும் அது வேற ஒண்ணா ஆயிருச்சு.

சீட்டாட்டத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பிரிட்ஜ் ஆட்டம் விளையாட்டா இல்லையான்னு இங்கிலாந்துல உயர் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 2015-ல தீர்ப்பு பிரிட்ஜ்காரங்களுக்கு எதிராத்தான் வந்துச்சு. மூணே வருஷம் கழிச்சு 2018-ல ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில அதே பிரிட்ஜுல இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தாங்க ரெண்டு பேர். அதுல பிரணாப் பர்தனுக்கு வயசு 60. அதே ஜகார்த்தாவுல, 1990-ல இருந்து விடாம ஜெயிச்சுக்கிட்டு வந்த நம்ம ஆண்கள் கபடி அணி அரையிறுதியில ஈரான்கிட்ட தோத்துச்சு. எங்க ஊர் டீக்கடையில அன்னைக்கு எழவு விழுந்த மாதிரி இருந்துச்சு. சீட்டுல தங்கம் வந்ததை ஒருத்தரும் பேசல.

கபடின்னதும் எனக்கு எங்க சடுகுடுதான் ஞாபகம் வரும். அறுப்பு முடிஞ்ச வயல்ல, நிலா வெளிச்சத்துல, காலாலயே கோடு கிழிச்சு ஆடுவோம். மூச்சு இருக்கிற வரைக்கும் பாடிக்கிட்டு நிக்கலாம். மூச்சு விட்டானா இல்லையான்னு தகராறு வந்தா, எந்தப் பக்கம் சத்தம் பெருசோ அந்தப் பக்கம் ஜெயிச்சுது. தோத்தவன் மறுநாள், "நேத்து நான் மனசு வச்சு ஆடல"ம்பான். அதையும் ஒத்துக்குவோம். இப்போ 13 மீட்டருக்கு 10 மீட்டர் களம், பக்கத்துக்கு 7 பேர், ஒரு ரெய்டுக்கு 30 நொடி. மூச்சு மிச்சம் இருந்தாலும் 30 நொடி முடிஞ்சா முடிஞ்சதுதான். மணத்தி கணேசன் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்துல இருந்து போயி 1994-ல ஹிரோஷிமாவுல தங்கம் ஜெயிச்ச அணியில நின்னு, மறுவருஷம் அர்ஜுனா விருது வாங்கினதும் இந்தக் கோட்டுக்குள்ளதான். எங்கள்ல ரெண்டு பேராவது ஆட்டத்துல அவருக்குப் பக்கத்துல வந்திருப்பாங்கன்னு இப்பவும் எனக்கு நினைப்பு உண்டு. ஆனா "மனசு வச்சு ஆடல"ன்னு சொல்ல இடம் இல்லாத களத்துல நாங்க ஒரு நாளும் நின்னதில்லையே.

சிலம்பத்துக்கு வர்றேன். எங்க பக்கம் சிலம்பம்னா சாமி ஊர்வலத்துக்கு முன்னால ஆடுறது. கொட்டுச் சத்தத்துக்குக் கம்பு காத்துல 'விர்'ருனு சுத்தும், பொம்பளைங்க பிள்ளைகளை இழுத்துப் பின்னால நிறுத்துவாங்க, ஆசானுக்குத் துண்டு போடுவாங்க. அதுல ஜெயிச்சவன் தோத்தவன் கிடையாது. மக ஆறாவது படிக்கும்போது தன் நெத்தி உயரத்துக்கு ஒரு கம்பை வச்சுக்கிட்டு அந்தக் கூட்டத்துல சேர்ந்தா. எனக்கும் பெருமைதான். பங்குனிப் பொங்கல்ல அவ ஆடினதை செல்போன்ல எடுத்து, மதுரையில இருக்கிற சொந்தத்துக்கெல்லாம் அனுப்பினேன்.

அப்புறம் வாத்தியார் அவளைத் 'தொடுமுறை'க்கு மாத்தினார். தலைக்குக் கவசம், உடம்புக்குக் கவசம், எதிர்ல ஒரு பொண்ணு. கம்பு உடம்புல பட்டா புள்ளி. சுத்துற அழகுக்கு அங்க மதிப்பே இல்ல. முதல் வருஷம் மாவட்டப் போட்டியில சிவகாசிப் பக்கத்துப் பொண்ணுகிட்ட ஒரே ஒரு தொடுல தோத்துட்டு வந்தா. ராத்திரி சாப்பிடல. "சாமி முன்னால எவ்வளவு அழகா ஆடுவே, இதுக்குப் போயி அழுவாங்களா"ன்னு நான் தேத்தினேன். இப்ப நினைச்சா அது தேத்தல் இல்ல. மறுநாள்ல இருந்து காலையில அஞ்சு மணிக்குக் களத்துமேட்டுல கம்புச் சத்தம் கேட்க ஆரம்பிச்சுது. வருஷம் முழுக்கக் கேட்டுச்சு.

போன தை மாசம். மறுபடி மாவட்டப் போட்டி, விருதுநகர்ல. அன்னைக்குப் பார்த்து அறுப்பு மிஷின் எங்க பக்கம் வந்துருச்சு. நெல்லு வச்சவங்களுக்குத் தெரியும், மிஷின் வரிசையில வரும். நம்ம முறையை விட்டா அடுத்த ஊருக்குப் போயிரும், திரும்பி வரப் பத்து நாள். கதிர் சாய ஆரம்பிச்சிருந்துச்சு, ஒரு மழை பேஞ்சா போச்சு. அவகூட விருதுநகர் போக ஆள் இல்ல. "விளையாட்டுத்தானம்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னேன்.

அவ சொன்னா: "பொழுதுபோக்குன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்ப்பா. இதுல எனக்கு எதிரா ஒருத்தி வந்து நிப்பா. நான் வரலைன்னா அவ ஜெயிச்சான்னு எழுதிருவாங்க."

அப்படித்தான் எழுதினாங்க. நெல்லு பத்திரமா வீடு வந்துச்சு.

நம்ம பேச்சுலயே ஒரு கோளாறு இருக்கு பாருங்க. 'விளையாட்டுக்குச் சொன்னேன்'னா நெசமில்லைன்னு அர்த்தம். 'விளையாட்டுத்தனம்'னா பொறுப்பில்லாதது. அந்தச் சொல்லை வச்சுக்கிட்டுத்தான் நான் அவளை வீட்டுல நிறுத்தினேன். அவ ஆடுறதோ, வேற யாரோ குறிச்ச தேதிக்குப் போயி நின்னு, முகம் தெரியாத நடுவர் சொல்றதுக்குக் கட்டுப்பட்டு, தோத்தா தோத்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வர்ற ஒண்ணு. எனக்குத் தெரிஞ்சு அதுக்குப் பக்கத்துல வர்றது வெள்ளாமை ஒண்ணுதான். ஆனா எனக்கு மழை பொய்ச்சுதுன்னு சொல்லிக்கவாவது வழி இருக்கு.

அரசாங்கம் என்னைவிட முன்னாலேயே முடிவு பண்ணிருச்சு. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில சிலம்பத்தைக் காட்சி விளையாட்டா ஆட வச்சாங்க. முதலமைச்சர் கோப்பையில இருக்கு. அரசு வேலையில விளையாட்டுக்காரங்களுக்கு உள்ள 3 சதவீத ஒதுக்கீட்டுலயும் சேர்த்திருக்காங்க. டீக்கடையில இதைச் சொன்னா, "அப்ப சரி, விளையாட்டுத்தான்"னு எல்லாரும் உடனே ஒத்துக்கிட்டாங்க. எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான். வேலை கிடைக்கும்னா விளையாட்டு, இல்லைன்னா பொழுதுபோக்குன்னு ஆயிருது. வேலை வந்தாலும் வராட்டாலும், காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறவ அவ.

சிலர் கேட்பாங்க, ஊர்வலத்துல ஆடுறது அப்ப மட்டமான்னு. இல்ல. எங்க ஆசான் வாழ்நாள்ல ஒரு போட்டிக்கும் போனதில்ல, அவர் வீச்சுக்கு முன்னால இந்தப் பிள்ளைங்க யாரும் நிக்க முடியாது. மகளும் இந்தப் பங்குனிக்கு சாமி முன்னால ஆடத்தான் போறா. அன்னைக்கு அவ முகம் வேற மாதிரி இருக்கும், சிரிச்சுக்கிட்டே ஆடுவா.

இந்த வருஷமும் போட்டி தை மாசந்தான். தேதி வந்ததும் மிஷின்காரருக்கு போன் போட்டு, அந்த ஒரு நாளைக்கு மட்டும் நம்ம வயலுக்கு வரவேண்டாம், முன்ன பின்ன எப்ப வந்தாலும் சரின்னு சொல்லிட்டேன். "என்னண்ணே, வீட்டுல விசேஷமா?"ன்னு கேட்டார்.

"மகளுக்கு மேட்ச் இருக்குப்பா"ன்னேன்.